எந்தக் காலை நொண்டியது?

"ஐயோ, என் முட்டையைக் காணோமே!" என்று கோழி போட்ட கூச்சலில் தோட்டமே கூடிவிட்டது.

அணிலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போது கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது அது ஒன்றுதானே! "அக்கா, நான் பார்த்தேன்! பழுப்பா என்னமோ தொப்புனு விழுந்துச்சு, வைக்கோல் பறந்துச்சு, அவ்வளவுதான்!"

"அது சரி தம்பி, அந்தப் பூனை எந்தக் காலை நொண்டிக்கிட்டு ஓடுச்சு?" என்று கேட்டது காகம்.

பூனையா? அணில் கண்ணை மூடி யோசித்தது. தோட்டத்தில் நொண்டுகிற பூனை ஒன்று உண்டு. யோசிக்க யோசிக்க, அது விந்தி விந்தி ஓடுவது பளிச்சென்று தெரிந்தது.

"இடது பின்னங்கால்!" என்று கத்தியது அணில்.

மறுபடி சொன்னபோது பூனையின் வாயில் முட்டை இருந்தது. அதற்கும் அடுத்த முறை, மீசையில் மஞ்சள் கரு ஒழுகியது!

எல்லோரும் சேர்ந்து விரட்டிய விரட்டில் பூனை முருங்கை மரத்தில் ஏறி, நுனிக்கிளையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

கோழி அழுதுகொண்டே கூட்டுக்குத் திரும்பியது. அங்கே கிடந்த காய்ந்த தென்னை ஓலை அப்போதுதான் அதன் கண்ணில் பட்டது. மரத்திலிருந்து விழுந்த ஓலை. அதைத் தள்ளிப் பார்த்தால், சிதறிய வைக்கோலுக்குள் முட்டை முழுசாக இருந்தது!

"அக்கா, இப்போ நான் இறங்கலாமா?" என்று மேலேயிருந்து கேட்டது பூனை.

"இறங்குடா, கண்ணு!" என்றது கோழி.

அணிலுக்குத்தான் பொறுக்கவில்லை. "இறங்கட்டும்! ஆனா இவன் முட்டையைக் கவ்விக்கிட்டு நொண்டி நொண்டி ஓடினதை என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேனே!"