ஒரே ஒரு காம்பு

"நீயே ஒரு காம்ப எடுத்துத் தட்டுல போடு, பாஞ்சாலை."

டாக்டர் பழனியப்பன் சொன்னதும் பாஞ்சாலை இரண்டு கைகளையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"யாராச்சும் குடிப்பாங்க. தொண்டையில சிக்கும். செத்துருவாங்க."

பதினாறு வயது. எஸ்டேட் தொழிற்சாலையில் தேயிலையிலிருந்து காம்பு பொறுக்கும் வேலை. மற்றப் பெண்கள் ஒரு தட்டை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். இவள் முடித்த தட்டையே கொட்டி மறுபடி பொறுக்குவாள். மறுபடியும் கொட்டுவாள். சங்கு ஊதி எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருப்பாள். விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டா டாக்டர்" என்றாள் அம்மா தங்கம்மா. "'யாரும் சாகலதானேம்மா'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. சாகலடி, சாகலடின்னு சொல்லி என் வாயே கோணிப்போச்சு."

"இனிமே அப்படிச் சொல்லக்கூடாது."

"செத்துட்டாங்கன்னு சொல்லவா?"

"ரெண்டும் வேணாம். 'தெரியல'ன்னு சொல்லுங்க. பயம் தானா ஏறும், தானா இறங்கும். அத அவளே பார்க்கணும்."

தங்கம்மா யோசித்தாள்.

"பூசாரி கோழி கேட்டாரு. நீங்க பரவால்ல, காம்புதான் கேக்குறீங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. லண்டனில் படித்த மனநோய் வைத்தியம். ஈப்போவிலிருந்து வாரம் ஒருமுறை மலையேறி இந்தச் சிறு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். ஊசி போடாத டாக்டரை நம்பி இங்கே வந்த முதல் ஆள் பாஞ்சாலைதான்.

அவள் காம்பை எடுத்தாள். போட்டாள். அழுதாள். டாக்டர் தேற்றவில்லை. தங்கம்மா வாய் திறந்தபோது கையைக் காட்டித் தடுத்தார். வெகுநேரம் மூவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப?"

"பயமாத்தான் இருக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மொத இருந்த மாதிரி இல்ல."

"நாளைக்கு பேக்டரியிலயும் இதேதான். ஒவ்வொரு தட்டுலயும் ஒரு காம்ப விட்டுடணும். திரும்பிப் பார்க்கக்கூடாது."

தங்கம்மா எழுந்துவிட்டாள்.

"பேக்டரியிலயா? துரைக்குத் தெரிஞ்சா இவ வேலை போயிரும் லா, டாக்டர்! எஸ்டேட் குடுத்த லைன் வீடும் போயிரும்!"

"பேக்டரியில செய்யலைன்னா இது தீராது. துரைகிட்ட நான் பேசுறேன்."

அவர் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் துரையே வந்தார்.

மேனேஜர் சுப்பிரமணியம். வெள்ளைக்காரர் காலிசெய்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தமிழர். தொழிலாளர்கள் அவரையும் துரை என்றே கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை.

"பாஞ்சாலைய நீங்கதான் பார்க்குறீங்களா?"

டாக்டர் சண்டைக்குத் தயாரானார். "மிஸ்டர் சுப்பிரமணியம், தேயிலையில ஒரு காம்பு கிடந்தா யாருக்கும் ஒண்ணும்..."

"கிடக்கட்டும் டாக்டர். நான் அதுக்கு வரல." துரை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நேத்து சங்கு ஊதினதும் அந்தப் பொண்ணு மத்தவங்களோட எந்திரிச்சு சிரிச்சுக்கிட்டே போனா. அதப் பார்த்ததிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார் டாக்டர். "வாராவாரம் அவள அனுப்பி வைப்பீங்களா?"

"என் காடியிலேயே, டிரைவர் போட்டு அனுப்புறேன். சம்பளம் பிடிக்க வேணாம்னு கணக்கு எழுதுற கிராணிகிட்டயும் சொல்லிட்டேன்."

இப்படியும் ஒரு மேனேஜர். டாக்டர் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

"இது எப்படி டாக்டர் ஆரம்பிக்குது?"

"பிறவியிலேயே சிலருக்கு அந்த வாகு இருக்கும். அப்புறம் ஏதாச்சும் ஒண்ணு கிளப்பிவிடும். இவளுக்குக் கங்காணி கருப்பையா. 'ஒரு காம்பு தப்பினாலும் குடிக்கிறவன் சாவான், அந்தப் பாவம் ஒனக்குத்தான்'னு எல்லாப் பொண்ணுங்களையும் நிக்கவச்சுத் திட்டியிருக்காரு. மத்தவங்க வெளிய வந்து சிரிச்சாங்க. இவளால முடியல. அவரத் தண்டிச்சுடாதீங்க."

"தண்டிக்கிறதா? சேச்சே." துரை முன்னால் நகர்ந்தார். "எது எதெல்லாம் இத அதிகமாக்கும்?"

"அவசரப்படுத்துறது. தூக்கமில்லாம இருக்கிறது. 'சரியாப் பார்த்தியா, சரியாப் பார்த்தியா'ன்னு நச்சரிக்கிறது."

துரை உதட்டுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாடம் படிக்கும் பிள்ளைபோல. டாக்டருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஈப்போவில் உள்ள பெரிய டாக்டர்களை இவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று தோன்றியது.

"மத்த பொண்ணுங்களுக்கும் இது வருமா, டாக்டர்?"

"பயப்படாதீங்க. இது ஒட்டிக்கிற நோய் இல்ல."

துரையின் முகம் வாடியது.

"இவ அந்த பெஞ்சுல உட்கார்ந்த நாள்லேருந்து ஒரு தேயிலைப் பெட்டிகூட காம்பு கிடக்குதுன்னு கோலாலம்பூர்லேருந்து திரும்பி வரல. இப்ப நீங்க இவள சரிபண்ணிட்டீங்க" என்றார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "போகட்டும், பாவம். மத்த எல்லாருக்கும் இத வரவைக்கணும்னா, கருப்பையா திட்டினா மட்டும் போதுமா டாக்டர், இல்ல நீங்க மருந்து ஏதாச்சும் தருவீங்களா?"