மாப்பிள்ளை எலி

"கட்டின பெண்டாட்டி எதிரே வந்தா, தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சுவரோரமாப் போறார். இப்படியும் ஒரு மனுஷன்!"

சொன்னவள் கேமரா. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கேமரா மாட்டி, எலிகள் நீந்துவதைப் படமெடுப்பது அவள் வேலை. பெயரும் அதுவே ஆகிவிட்டது.

எலியம்மா ஸ்டாப்வாட்சைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த ஸ்டாப்வாட்ச்தான்.

வாசலில் 'விலங்கு நரம்பியல் ஆய்வகம்' என்று பலகை இருக்கிறது. உள்ளே போனால், நரம்புத் தளர்ச்சி விலங்குகளுக்கா மனிதர்களுக்கா என்று சட்டென்று சொல்ல முடியாது.

ஆய்வு இதுதான். ஞாபகமறதி வந்த கிழட்டு எலிகள். பாதிக்குப் புது மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். பிறகு கலங்கிய தண்ணீரில் நீந்த விட வேண்டும். அடியில் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று எந்த எலிக்கு ஞாபகம் இருக்கிறது? அதைப் பார்த்து மதிப்பெண் போடுவது எலியம்மா. அவளுடைய முனைவர் பட்டம் இதை நம்பித்தான். மீசை துடிப்பதை வைத்தே இது பசி, இது பயம் என்று சொல்லிவிடுவாள். பட்டத்துக்கு முன்பே கிடைத்துவிட்ட பட்டம்தான் எலியம்மா.

ஊசியை நிரப்புகிறவர் அவள் கணவர், சிரிஞ்சு. எந்த எலிக்கு எது போகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆள் பற்றாக்குறையில் பேராசிரியர் செய்த ஏற்பாடு.

"வாய் தவறிக்கூட அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சுட்டா கண்ணு பாரபட்சமாப் பார்க்கும். மொத்த ஆய்வும் குப்பைக்குப் போயிடும்" என்று பேராசிரியர் முதல் நாளே எச்சரித்திருந்தார்.

"மூச்சு விட மாட்டேன் சார்" என்றார் சிரிஞ்சு.

ஆரம்பத்தில் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. ஒரு எலி மட்டும் தண்ணீரில் விட்டதும் நேராக மேடைக்குப் போகும். ஏறி நின்று உடம்பை உதறிக்கொண்டு, 'எங்கே என் பரிசு விதை?' என்று முறைக்கும். அந்த அதிகாரத்தைப் பார்த்து எலியம்மா அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள்.

வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

"இன்னைக்கும் மாப்பிள்ளை நேரா மேடைக்கே போயிட்டாங்க! மருந்து என்னமா வேலை செய்யுது!"

சிரிஞ்சு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து. அவள் எழுந்திருக்கும் முன் கிளம்பிவிடுவார். மதியச் சாப்பாடு நுண்ணோக்கி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. வீட்டில் சோபாவில், சுவரைப் பார்த்துப் படுக்கை.

"நான் என்ன, ரகசியத்தையா கேட்டேன்? சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டா ஆய்வு கெட்டுப் போயிடுமா?" என்றாள் எலியம்மா.

"பொறாமைக்கா. போன வருஷம் அவரோட ஆய்வு ஊத்திக்கிச்சு. உங்களது ஜெயிக்கப் போகுது. தாங்கலை" என்றாள் கேமரா.

எலியம்மாவின் அம்மா போன் செய்தாள். "மாப்பிள்ளை எப்படிம்மா இருக்கார்?"

"எலியா, ஆளா?"

"விளையாடாதேடி."

"எலி நல்லா இருக்கும்மா. ஆளுதான் மூஞ்சியையே காட்ட மாட்டேங்குறார்."

விஷயம் பேராசிரியர் வரை போனது. சிரிஞ்சைக் கூப்பிட்டார். "வீட்டுச் சண்டையை வீட்டோட வச்சுக்கணும். இங்க எலி கூட உங்களைப் பார்த்துச் சங்கடப்படுது."

"சரி சார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார் சிரிஞ்சு.

ரகசியத்தை உடைக்கும் நாள் வந்தது. எலியம்மா கையில் ஒரு பெட்டியோடு வந்தாள்.

"கூட்டம் முடிஞ்சதும் அம்மா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்லை."

"நல்ல முடிவுக்கா" என்று கேமரா பெட்டியை வாங்கி மேஜைக்கடியில் வைத்தாள், எடுக்க வசதியாக.

"மதிப்பெண் எல்லாம் போட்டு முடிச்சாச்சா? இனிமே ஒரு புள்ளி கூட மாத்த முடியாது" என்றார் பேராசிரியர்.

"முடிச்சாச்சு சார்."

"சிரிஞ்சு, சொல்லுங்க."

அவர் எழுந்து போய், பலகையில் மருந்து எலிகளின் எண்களை ஒரு பக்கமும் உப்புத் தண்ணீர் எலிகளின் எண்களை மறுபக்கமும் எழுதினார். கேமரா கணினியில் தட்டினாள். திரையில் இரண்டு கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன.

"ரெண்டும் ஒண்ணுதான். மருந்து வேலை செய்யலை" என்றார் பேராசிரியர். "பரவாயில்லைம்மா, சுத்தமான ஆய்வு. பட்டம் எங்கேயும் போயிடாது."

எலியம்மா திரையைப் பார்க்கவில்லை. பலகையில் ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். அது மறுபக்கத்தில் இருந்தது.

"மாப்பிள்ளைக்கு... உப்புத் தண்ணியா?"

"வெறும் உப்புத் தண்ணி" என்றார் சிரிஞ்சு. "அவன் பிறவிக் கெட்டிக்காரன். அவ்வளவுதான்."

"அப்போ, தினமும் நான் துள்ளிக் குதிச்சுச் சொன்னப்போ எல்லாம்..."

"தெரியும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "ரகசியம் காத்தது சரிய்யா. அதுக்காக இவங்களை இப்படியா அழ வைக்கிறது? அவங்க சொல்றப்போ சும்மா சிரிச்சுத் தலையாட்டி வச்சிருக்கலாமே!"

சிரிஞ்சு வெகுநாள் கழித்து மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"எலியோட மீசையைப் பார்த்தே மனசைப் படிக்கிறவ சார் இவ. என் மூஞ்சி எம்மாத்திரம்?"

கேமரா, மேஜைக்கடியில் இருந்த பெட்டியைக் காலால் மெல்ல உள்ளே தள்ளினாள்.