ஏரம்பர் எடுத்த படம்

ஊரில் ஏரம்பரைப் ‘படக்காரர்’ என்றால்தான் தெரியும். சினிமாவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நில அளவைக் கந்தோரில் முப்பது வருஷம் காணிப் படம் கீறிப் பென்சன் எடுத்தவர். வெள்ளைக்காரன் காலத்துக் காணிப் படம் எங்காவது இருக்கிறதென்று கேள்விப்பட்டால் போதும், சைக்கிளில் ஏறிவிடுவார். வட்டுக்கோட்டையில் ஒரு மாட்டுக் கொட்டிலில் கண்டெடுத்தது ஒன்று, சாவகச்சேரியில் ஒரு கிழவர் விசிறியாகப் பாவித்துக்கொண்டிருந்தது ஒன்று என்று நூற்றுப் பதினேழு படங்கள் சேர்த்துவிட்டார்.

நூற்றுப் பதினெட்டாவது பக்கத்து வீட்டில் இருந்தது. அதுதான் கைக்கு வரவில்லை.

1874ஆம் ஆண்டுப் படம். துணி ஒட்டிய தாளில், எல்லைக்குச் சிவப்பு மை, கிணற்றுக்கு நீல மை, பனைகள் ஒவ்வொன்றாக எண்ணிக் கீறியிருக்கும் என்று பக்கத்து வீட்டு முருகேசு சாகுமுன் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்று போன நித்திரை ஏரம்பருக்குத் திரும்பி வரவேயில்லை.

முருகேசுவின் மனைவி நாகேஸ்வரியிடம் கேட்டுப் பார்த்தார்.

“தங்கச்சி, விலைக்குத் தரவேண்டாம். ஒருக்கால் கண்ணாலை பார்க்க விடு.”

“அவர் இருக்கேக்கையே ஒருத்தருக்கும் காட்டாத சாமான், அண்ணை. அறைக்குள்ளை றங்குப்பெட்டியிலை கிடக்கு. அது அங்கையே கிடக்கட்டும்.”

எண்பத்து நாலாம் ஆண்டு ஆவணி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தமது அறுபத்திரண்டாவது வயதில், ஏரம்பர் கள்ளனானார்.

செவ்வாயும் சனியும் நாகேஸ்வரி மருதனார்மடச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோவாள். வேலியில் நாய் போய்வரும் பொட்டுக்குள்ளால் நுழைந்தார். பின்கதவில் கொண்டி மட்டும்தான். றங்குப்பெட்டியில் பூட்டே இல்லை. பிள்ளையார் தன் பக்கம் என்று நினைத்துக்கொண்டு, படத்தைச் சுருட்டிக் குடைக்குள் செருகி வெளியே வந்தார். முற்றத்தில் நின்ற கோழி ஒன்று அவரை மேலும் கீழும் பார்த்தது.

வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் படத்தை விரித்தார். காணியை மூன்று துண்டாகப் பிரித்து இலக்கமிட்டிருந்தது. எந்தத் துண்டு யாருக்கு என்பது அவருக்கு எதற்கு? பனைகளை எண்ணினார். நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினார். சந்தோஷத்தில் நாற்பத்து நாலு வந்தது.

மத்தியானம் நாகேஸ்வரி திரும்பி வந்தாள். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறக்கவில்லை போலும் என்று ஏரம்பர் மூச்சு விட்டார்.

அடுத்த கிழமை முருகேசுவின் தமையன் சோமசேகரம் மலேசியாவிலிருந்து வந்து இறங்கினார். வந்த அன்றே ஏரம்பருக்கு ஆள் அனுப்பினார். ஏரம்பர் போனபோது றங்குப்பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் நாகேஸ்வரி தலையில் அடித்து அழுதுகொண்டிருந்தாள்.

“ஐசே ஏரம்பு, நீர்தானே உந்தப் படங்களிலை விண்ணன்,” என்றார் சோமசேகரம். “இந்தக் காணியிலை ஒரு துண்டு என்ரை. வித்துப்போட்டுப் போவம் எண்டு வந்தனான். காணி எழுதின உறுதியிலை துண்டு இலக்கம் மட்டும்தான் கிடக்கு. அது எந்தப் பக்கம் எண்டு படத்தைப் பார்த்தால்தான் தெரியும். படம் களவு போட்டுதாம். வேறை பிரதி இருக்குமோ?”

ஏரம்பர் பெட்டிப் பக்கம் பார்க்காமல் சொன்னார்: “இருக்காது... உது தனி ஆக்கள் கீறுவிச்சது. ஒண்டுதான்.”

“அப்ப இவதான் எரிச்சுப்போட்டா!”

நாகேஸ்வரி விருட்டென்று எழும்பினாள். ஒழுங்கை முடக்கில் இருந்த வைரவர் கோயிலுக்குப் போனாள். ஊர் பார்த்திருக்கக் கற்பூரம் கொளுத்தினாள்.

“வைரவா! அந்தப் படத்தை நான் எரிக்கேல்லை, கிழிக்கேல்லை, ஒளிக்கேல்லை. கள்ளன்தான் கொண்டுபோனவன். இது பொய்யெண்டால் என்ரை கண் இரண்டும் அவியட்டும்!”

கூட்டத்தில் நின்ற ஏரம்பருக்குத் தன் கண்கள்தான் எரிந்தன.

சோமசேகரம் வேறு எவருக்கும் பயப்படாவிட்டாலும் வைரவருக்குப் பயந்தவர். “எல்லை தெரியாத காணியை ஆர் வாங்குவான்? கோட்டிலை வழக்கு வைச்சால் என்ரை ஆயுள் காணாது,” என்று முணுமுணுத்தபடி அடுத்த நாள் ரயிலேறிவிட்டார்.

ஏரம்பருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கடதாசி ஆசையால் ஒரு பெண் ஊர்முன் சத்தியம் பண்ணும்படி ஆயிற்றே! மூன்றாம் நாள் பின்னேரம் குடையோடு புறப்பட்டார். இந்த முறை வாசல் படலையால் போனார்.

நாகேஸ்வரி வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, நான் பெரிய பாவம் செய்துபோட்டன்...” படத்தை அவள் முன்னால் விரித்து வைத்தார். “என்னைப் பொலிசிலை குடுத்தாலும் குடு.”

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீல மை வட்டத்தில் விரலை வைத்தாள்.

“கிணறு நிக்கிற துண்டு மலேசியாப் பெரியத்தான்ரை, அண்ணை. படம் இருந்திருந்தால் இண்டைக்கு நான் வெங்காயத்துக்கு எங்கை போய்த் தண்ணி இறைக்கிறது? நானே எரிச்சுப்போட்டுப் பொய்ச் சத்தியம் பண்ணவும் எனக்குப் பயம்.”

படத்தை அவளே பக்குவமாகச் சுருட்டித் திரும்பவும் அவருடைய குடைக்குள் செருகினாள்.

“தை மாதம் கனடாவிலை இருந்து சின்ன மச்சான் வாறாராம், அவரின்ரை தென்னங்காணிப் படத்தை அலுமாரியாலை எடுத்து றங்குப்பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறன், நாளைக்குச் சனிக்கிழமை, நான் சந்தைக்குப் போயிடுவன், அண்ணை.”