ஒன்பது சோடியும் ஒரு வெள்ளிக்கிழமையும்

"நெத்தியிலை திருநீறு, கையிலை சூது. உனக்கே இது நல்லா இருக்கோ?"

பாரிஸில், ரூ காய் தெருவில் உள்ள அந்தப் பலசரக்குக் கடையில் மத்தியானமானால் இந்தக் கேள்வி தவறாது. கேட்பவர் முதலாளி மகேந்திரராசா. வாங்கிக் கட்டிக்கொள்பவன் கஜன், அங்கே மரக்கறி அடுக்குகிறவன்.

"ரெண்டு சதப் பந்தயம் அண்ணை. இதெல்லாம் ஒரு சூதோ?"

"ரெண்டு சதமெண்டாலும் சூது சூதுதான்." சொல்லிவிட்டு முதலாளி காதில் வயரைச் செருகி, போனில் தேவாரம் கேட்க உட்கார்ந்துவிடுவார்.

கஜன் பின்னறைக்குப் போய், அரிசி மூட்டைமேல் ஏறி, போனில் போக்கர் சீட்டாட்டத்தைத் திறப்பான். மனைவி சிவாஜினி அனுமதித்தது பத்தே பத்து யூரோ. அது கரைந்தால் விளையாட்டும் முடிந்தது என்று கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். குடியில்லை, சிகரெட் இல்லை. இதுவும் போனால் மனுசனுக்கு மத்தியானத்தில் கொட்டாவிதான் மிச்சம்.

அவனுக்கு ஒரு கொள்கை. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டான், பொய்யும் சொல்லமாட்டான். வெறுங்கையோடு பெரிய பந்தயம் கட்டி எதிராளியை மிரட்டுவதும் பொய்தானே. அதனால் வெள்ளியன்று நல்ல சீட்டு வந்தால் மட்டும் கட்டுவான். வராவிட்டால் கம்மென்று இருப்பான். விளையாட்டில் வைத்திருந்த பெயர்கூடச் சொந்தப் பெயர்.

அதே மேசைக்கு வருகிற 'ரொபேர்' என்பவன் இதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். வெள்ளிக்கிழமை கஜன் கட்டினால் சீட்டை எறிந்துவிட்டு ஓடுவான். கஜன் பேசாமலிருந்தால் பாய்ந்து அடிப்பான். மற்ற நாட்களில் சேர்த்ததெல்லாம் வெள்ளியன்று ரொபேருக்குப் படையல்.

அன்றும் வெள்ளி. மற்றவர்கள் எறிந்துவிட, ரொபேரும் கஜனும் மட்டும் மிச்சம்.

கஜன் கையில் ஒரு ஒன்பது. மேசையில் இருவருக்கும் பொதுவாக விரித்த சீட்டில் இன்னொரு ஒன்பது. சோடி சேர்ந்துவிட்டது. ஆனால் பக்கத்திலேயே ஒரு ராசா கிடந்தது. ரொபேரின் கையிலும் ராசா இருந்தால் ஒன்பது சோடி குப்பை. இல்லாவிட்டால் இதுதான் பெரிசு.

நல்ல சீட்டைக் கட்டினால் உண்மை. வெறுங்கையோடு கட்டினால் பொய். இந்த இரண்டுங்கெட்டானைக் கட்டினால் அது எந்தக் கணக்கு?

சமயம் தெரிந்தவர் கடையில் ஒருவர்தான். கஜன் போனோடு முன்பக்கம் ஓடினான். முதலாளி தன் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணை, அவசரம். அரைகுறைச் சீட்டோடை பந்தயம் கட்டினால் அது பொய்யோ?"

வழக்கமான வசவு வரவில்லை. முதலாளி தாடையைத் தடவினார்.

"என்ன அரைகுறை?"

வெள்ளிக்கிழமை மறைக்க முடியுமா? "ஒன்பது சோடி. ராசா இல்லை."

"இல்லாத ராசாவை இருக்கிற மாதிரிக் காட்டுறது பொய்தான். அதுவும் வெள்ளிக்கிழமையிலை. பேசாமல் விடு."

கஜன் மனம் தெளிந்து திரும்பினான். கட்டாமல் விட்டான். விட்டதுதான் தாமதம், ரொபேர் தன்னிடம் இருந்ததை எல்லாம் நடுவில் தள்ளினான். ஈடுகொடுக்க வேண்டுமென்றால் கஜனும் மிச்சம் முழுவதையும் வைக்கவேண்டும். தோற்றால் சிவாஜினியிடம் செய்த சத்தியம் வந்து நிற்கும். எறிந்துவிட்டான்.

ரொபேர் வேண்டுமென்றே தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான். ஏழும் இரண்டும். சல்லிக்குப் பெறாத சீட்டு.

கஜனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மூட்டைமேல் இருந்து யோசித்தான். பிறகு போனில் ஏதோ தட்டிவிட்டு எழுந்து முன்பக்கம் போனான்.

"அண்ணை, நீங்கள் சொன்னது சரி. இந்த விளையாட்டிலை முக்கால்வாசி வாறது நடுத்தரச் சீட்டுத்தான். அதைக் கட்டுறது பொய்யெண்டால், பொய் சொல்லாதவனுக்கு அங்கை என்ன வேலை? சிவாஜினி சொல்லியும் கேக்காத நான், உங்கடை சொல்லுக்கு அழிச்சுப்போட்டன்."

"என்னத்தை அழிச்சனீ?" முதலாளி காதிலிருந்த வயரைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார்.

"போக்கரைத்தான். கணக்கும் மூடியாச்சு. இனி அந்தப் பக்கமே இல்லை."

இத்தனை நாள் சொன்ன புத்திமதி பலித்திருக்கிறது. மனுசன் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டாமா? முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"விசரா," என்றார் முதலாளி. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இனி வெள்ளிக்கிழமையிலை நான் ஆரோடையடா விளையாடுறது?"