படுக்கைக்கு வந்த நிலா

படுக்கையை விட்டு எழ முடியாத மனைவி, பௌர்ணமி நிலாவைப் படம்பிடித்துக் காட்டச் சொன்னாள். மொட்டைமாடி வரை ஏறச் சோம்பல்பட்டு, ஜன்னல் வழியே தெருவிளக்கைப் பிடித்தார் கணவர். வீட்டு வீடியோ கேமராவில் இரண்டுமே வெறும் வெள்ளை வட்டம்தான்.

"சுத்தி என்னங்க பறக்குது?"

"லென்ஸ்ல தூசிம்மா."

அவள் நம்பிவிட்டாள். அதுதான் அவருக்கு உறுத்தியது. தினமும் அதே பதிவைப் போடச் சொன்னாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் தேஞ்சிருக்கு," என்றாள் ஒரு நாள். மருந்து மயக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தபடி திரையைப் பார்த்தார். விளக்கின் ஓரம் கரைந்திருந்தது.

நாளுக்கு நாள் அது குறைந்தது. கடைசியில் திரை முழுக்க இருட்டு.

"அமாவாசைங்க. ரெண்டு நாள்ல வந்துடும். நீங்க ஏன் அழறீங்க?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இருட்டில், விளக்கைச் சுற்றிய பூச்சிகள் மட்டும் இன்னும் வட்டமடித்துக்கொண்டிருந்தன.