ருசி பார்த்தவள்

பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, "அதுலயும் கொஞ்சம் குடுங்க" என்று மகள் கேட்டபோது அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

ஒரு வருடமாகச் சோறென்றால் அவளுக்கு எட்டிக்காய். எலும்பும் தோலுமாக நின்றுகொண்டு, தான் குண்டு என்கிறாள். இப்படியே போனால் இதயம் தாங்காது என்று டாக்டர் அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கெஞ்சியாயிற்று, கத்தியாயிற்று. தோளுக்கு மேல் வளர்ந்தவளை ஆ காட்டச் சொல்லி ஊட்டிக்கூடப் பார்த்தாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

போன மாதம் அவளாகவே கேக் அலங்கார வகுப்பில் சேர்ந்தாள். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாள் முழுக்கக் கேக்கும் கையுமாக இருப்பவள் ஒரு வாய் தின்னாமலா போவாள்?

அவள் செய்து கொடுத்த கேக்கைத் தின்று தின்று, அப்பா பெல்ட்டைத் தளர்த்தப் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கன்னம் உப்பிவிட்டது. மகள் மட்டும் அப்படியே இருந்தாள்.

இன்றுதான் விடிந்தது. பேக்கரிக்காரர் தட்டில் துண்டு துண்டாக எடுத்து வைக்க, ஒவ்வொன்றையும் வாயில் போட்டு நிதானமாக மென்றாள். டிஷ்யூவால் நாசூக்காக உதட்டைத் துடைத்துக்கொண்டாள். இதில் வெண்ணெய் தூக்கல் என்று தீர்ப்பு வேறு.

அம்மா கடை வாசலுக்கு ஓடிப்போய் அப்பாவுக்கு போன் போட்டாள். "நம்ம பொண்ணு சாப்பிடுறா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேக்கோடு உட்கார்ந்துவிட்டாள். கிரீம் நிரப்பிய கூம்புப் பையைப் பிழியப் பிழிய ரோஜாக்கள் பூத்தன. விரலில் கிரீம் வழிந்தது.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கிரீம் பட்ட விரல் தானாக வாய்க்குப் போகும். யாருக்கும் போகும்.

மகள் எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.

போகட்டும், கடையிலேயே வயிறு நிறைந்திருக்கும். அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டு, நாற்காலியில் கிடந்த மகளின் ஸ்வெட்டரை மாட்டி வைக்க எடுத்தாள். பாக்கெட் ஈரமாக இருந்தது.

உள்ளே டிஷ்யூ உருண்டைகள். ஒன்றைப் பிரித்தாள். மென்ற சாக்லேட் கேக். இன்னொன்றில் எலுமிச்சைக் கேக். அதற்கு மேல் பிரிக்க அவளுக்குத் தெம்பில்லை.

கேட்டால் வகுப்பும் நின்றுவிடும். அப்புறம் அந்தப் பெண்ணுக்குச் சிரிக்கவும் ஒன்று மிஞ்சாது. எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

பின்னால் மகள் வந்து நின்றாள். குச்சிக் கையில் ஸ்பூன், அதில் ரோஜாவோடு பெரிய துண்டு. முகமெல்லாம் சிரிப்பு.

"மொதல் துண்டு உனக்குத்தான். ஆ காட்டும்மா."

அம்மா வாயைத் திறந்தாள்.