குழந்தை நல்லா இருக்கா

"ஹலோ... குழந்தைக்கு ரத்தம் வேணும்னு வாட்ஸப்ல பார்த்தேன். எனக்கு ஓ நெகட்டிவ்தான். எங்க வரணும்?"

பாம்பூஃப்ளாட் ஜெட்டியிலிருந்து ஆட்டோ பிடித்து அப்போதுதான் வந்து இறங்கிய உமா மகேஸ்வரிக்கும் கோவிந்தராஜுக்கும், வாசலிலேயே அந்தக் குரல் கேட்டது. உள்ளே சிவபிரகாஷ் டேபிள் ஃபேனைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"நீங்க கூப்பிட்டதே பெரிய விஷயம் சார். அது பழைய மெசேஜ். அப்பவே ரத்தம் கிடைச்சிடுச்சு. குழந்தை நல்லா இருக்கா. போன வாரம் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டா."

"அப்பாடா! கேக்கவே சந்தோஷமா இருக்கு."

"உங்க பேரும் ஊரும் சொன்னீங்கன்னா போன்ல போட்டு வெச்சுக்குவேன். வேற யாருக்காவது அவசரம்னா கூப்பிடலாமா?"

"தாராளமா கூப்பிடுங்க. ஜெகநாதன், பெரார்கஞ்ச்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், வாசலில் நின்றவர்களைப் பார்த்துத் திகைத்தார்.

"அண்ணே, நான்தான் உமா. மரைன் ஹில். இவர்தான் என் வீட்டுக்காரர்" என்றாள் உமா. கையெடுத்துக் கும்பிட்டாள்.

சிவபிரகாஷ் அவசரமாகக் கையைத் துடைத்தார். "மரகதம், யார் வந்திருக்காங்க பாரு! தம்பி எழுந்து நடக்கிறார்!"

அவர் மனைவி மரகதம் ஓடி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். கோவிந்தராஜ் காலை நீட்டி மெல்ல உட்கார்ந்தான். மழையில் பைக் சறுக்கி, தொடை எலும்பு முறிந்து, ரத்தம் நிறையப் போன நிலையில் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தார்கள். அவனுடைய ஓ நெகட்டிவ் ரத்தம் அங்கே இருப்பில் இல்லை. மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு வரவழைக்க நேரமும் இல்லை.

"எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல அண்ணே" என்றாள் உமா. "பக்கத்துப் பெட் அக்கா ஒருத்தங்கதான் அவங்க போன்ல வந்த அந்த மெசேஜைக் காட்டினாங்க. நாலு வயசுக் குழந்தைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை, அப்பாவைக் கூப்பிடவும்னு போட்டிருந்துச்சு. அந்தக் குழந்தைக்கு எங்க கிடைச்சுதுன்னு கேக்கலாம்னுதான் உங்களுக்குப் போன் பண்ணேன். நீங்க என்னடான்னா ரெண்டு பேரைக் கையோட கூட்டிட்டு வந்து நிக்கிறீங்க!"

"ரத்தம் கொடுத்தது அந்த ரெண்டு பேர்தாம்மா. நான் வெறும் போன் பண்ணினவன்."

மறுபடியும் போன் அடித்தது. இந்த முறை ஸ்பீக்கர் போடாமலே கேட்கிற அளவுக்கு ஒருவன் இந்தியில் கத்தினான். இதே மெசேஜை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன், ஒரு குழந்தையைக் காட்டி ஊரை ஏமாற்றுகிறாயா, வெட்கமாக இல்லையா என்று போய்க்கொண்டே இருந்தது. கெட்ட வார்த்தைகளும் விழுந்தன.

அவன் மூச்சு வாங்கியபோது சிவபிரகாஷ், "பச்சி டீக் ஹை, பாய் சாப். பஹுத் ஷுக்ரியா" என்று, குழந்தை நலம், ரொம்ப நன்றி என்பதை மட்டும் இந்தியில் சொன்னார். எதிர்ப்பக்கம் கட் ஆனது.

கோவிந்தராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னண்ணே இது? இவனுக்கெல்லாம் நன்றி வேறயா?"

"விடுங்க தம்பி. அவரும் குழந்தைன்னதும் பதறித்தானே கூப்பிட்டிருக்கார்."

"அந்த மெசேஜ்ல தேதி இல்ல" என்றாள் மரகதம், டீயை நீட்டியபடி. "அதனால அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கு. நாலு வருஷமாச்சு. ஒருத்தர் இவர் போட்டோவை எடுத்து, திருடன்னு எழுதி ஃபேஸ்புக்ல போட்டுட்டார். அன்னிக்கு இவர் சாப்பிடவே இல்ல."

"பேசாம நம்பரை மாத்திடலாமே அண்ணே?"

"மாத்தியிருந்தா, அன்னிக்கு உமா கூப்பிட்டப்போ யார் எடுத்திருப்பா?"

உமா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"திட்டுறவங்க கொஞ்சம்தான்" என்றார் சிவபிரகாஷ். "ரத்தம் கொடுக்கிறேன்னு கூப்பிடுறவங்கதான் அதிகம். பெங்காலி, தெலுங்கு, மலையாளின்னு முகம் தெரியாத ஜனங்க. ஒரு குழந்தைக்குன்னு சொன்னா போதும், எங்க வரணும்னு கேக்கிறாங்க. இந்தப் போன் இல்லைன்னா, இத்தனை நல்லவங்க இருக்காங்கன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

உமா பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மரகதத்தின் கையில் வைத்தாள். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு கவுன்.

"பாப்பாவுக்கு அக்கா. இப்போ எட்டு வயசு இருக்கும்னு ஒரு கணக்குலதான் வாங்கினேன். ஸ்கூல் விட்டு எப்போ வருவா? அவளுக்காக வந்த மெசேஜாலதானே இவர் பொழைச்சார், ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுப் போயிடுறோம்."

மரகதம் கவுனை மடியில் விரித்து, கையால் நீவினாள். "ரொம்ப அழகா இருக்கும்மா. அவளுக்கு மஞ்சள்னா உசிரு. கேம்ப்பெல் பே கப்பல்ல யாராவது போனா கொடுத்தனுப்புறேன்."

"அவ்வளவு தூரத்துலயா இருக்கா? சின்னப் பொண்ணு, அப்பா அம்மாவை விட்டுட்டா?"

"அப்பா அம்மாகூடத்தான் இருக்கா" என்றாள் மரகதம். "எங்களுக்குக் குழந்தை இல்லம்மா. அவ அப்பா நம்பர்ல கடைசி எண் தப்பாகி, இவர் நம்பரா விழுந்த மெசேஜ் அது. முதல் போன் வந்ததும், யார் பெத்த குழந்தையோன்னு தேடிக்கிட்டு இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்."